கை உயர்த்தும் நாள்: தீவகத்திலிருந்து கூட்டரசாங்கங்களைப் பார்ப்பது

2025 ஜூன் மாதத்தில் ஒரு காலை, குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு வள்ளத்துக்காகக் காத்திருந்தேன். நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். பக்கத்தில் இருந்த ஐயா பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். உள்ளூராட்சி சபைகளில் ஆட்சி அமைக்க ஆதரவு கேட்டு, தமிழரசுக் கட்சியின் பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம் ஈ.பி.டி.பி.யின் செயலாளர் நாயகம் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்த செய்தி அதில் பெரிதாக வந்திருந்தது.

"இவ்வளவு நாளும் ஆளையாள் துரோகி எண்டவை. இப்ப கை உயர்த்தச் சொல்லிக் கேக்கினம். சரி, கேக்கட்டும். கை உயர்த்துறதுக்கு அவை என்ன கேட்டவையாம்? அதைப் பேப்பரில போடேல்லையே பிள்ளை" என்றார்.

நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். செய்தியில் விடுபட்ட கேள்வியை ஒரு வாசகர் காட்டித் தரும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யார் யாரைச் சந்தித்தார்கள், அது கொள்கைக்குச் சரியா பிழையா என்று ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தோம். என்ன பேரம், அதை யார் எழுதி வைத்தார்கள், மீறினால் என்ன நடக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கூட்டரசாங்கம் என்பதே இந்த மூன்று கேள்விகளில்தான் நிற்கிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'கூட்டாட்சி' என்றால் சிலர் சமஷ்டியை நினைப்பார்கள், சிலர் பல கட்சிகள் சேர்ந்து ஆள்வதை நினைப்பார்கள். இரண்டும் வேறு. சமஷ்டியில் அதிகாரம் பிரதேசங்களுக்கு இடையே அரசியலமைப்பால் பிரிக்கப்படுகிறது. கூட்டரசாங்கத்தில் கட்சிகளுக்கு இடையே, அந்தத் தவணைக்கு மட்டும், பெரும்பாலும் வாய்ப்பேச்சால் பிரிக்கப்படுகிறது. சமஷ்டியைக் கேட்டுப் பிறந்த ஒரு கட்சி, அது கிடைக்காதபோது கூட்டரசாங்கத்துக்குள் போய் அதில் ஒரு துண்டையாவது வாங்கி வரலாம் என்று நம்பியதுதான் இந்தக் கதையின் பெரும்பகுதி.

அடிப்படைக் கணக்கு எளியது. இன்றைய நாடாளுமன்றத்தில் 225 ஆசனங்கள். 113 இருந்தால் பெரும்பான்மை. நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று ஜனாதிபதி கருதும் உறுப்பினரே பிரதமர். ஒரு கட்சிக்கு 113 கிடைக்காவிட்டால் இரண்டு வழிகள். மற்றவர்களுக்கு அமைச்சுப் பதவி கொடுத்து உள்ளே எடுப்பது ஒன்று. அவர்களை வெளியில் இருத்தி, பாதீடு, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற நாட்களில் மட்டும் கை உயர்த்தச் செய்வது மற்றது. தமிழ்க் கட்சிகள் இரண்டையும் செய்து பார்த்துவிட்டன. தீவகம் அந்த இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறது.

1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. டட்லி சேனநாயக்க சிறுபான்மை அரசாங்கம் அமைத்தார். தமிழரசுக் கட்சி தன் கோரிக்கைகளை இரு பெரிய கட்சிகளிடமும் வைத்தது. டட்லி இணங்கவில்லை, சுதந்திரக் கட்சிப் பக்கம் சாதகமாகப் பேசினார்கள். ஏப்ரலில் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் தமிழரசுக் கட்சி எதிர்த்து வாக்களிக்க, அரசாங்கம் கவிழ்ந்தது. ஜூலையில் மீண்டும் தேர்தல். இம்முறை சுதந்திரக் கட்சிக்கு 75. 151 ஆசனங்களில் 75 பெற்றவருக்கு 16 பேரின் கை எதற்கு? சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். 1961 ஜனவரியில் சிங்களம் மட்டும் சட்டத்தை வடக்கு கிழக்கிலும் நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தது.

1965 மார்ச் 22 தேர்தலிலும் இதே நிலை. ஐ.தே.க. 66, சுதந்திரக் கட்சி 41, தமிழரசுக் கட்சி 14. இம்முறை கையை உயர்த்த முன்னரே எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். மார்ச் 24 அன்று டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தானது. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்றங்களில் தமிழ், மாவட்ட சபைகள், குடியேற்றங்களில் காணி வழங்குவதற்கான முன்னுரிமை ஒழுங்கு ஆகிய நான்கும் அதில் இருந்தன. ஏழு கட்சிகள் சேர்ந்த 'தேசிய அரசாங்கம்' உருவானது. தமிழரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் அமைச்சராகவில்லை. வெளியிலிருந்து மு. திருச்செல்வம் செனட் சபைக்கு நியமிக்கப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைகள் வருவதென்றால் அந்த அமைச்சின் வழியாகத்தான் வரவேண்டும். திட்டம் நன்றாகவே போடப்பட்டிருந்தது.

ஆனால் அந்த ஒப்பந்தம் அப்போது பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. இதை நான் மிகப் பெரிய தவறாகப் பார்க்கிறேன். மறைத்து வைத்த ஒப்பந்தத்தை மீறினால், மீறியவருக்கு வெட்கம் வராது. வாங்கியவரும் தன் மக்களிடம் போய், இதோ கையெழுத்து என்று காட்ட முடியாது. 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் வந்தன. கொழும்பில் அதற்கெதிரான ஊர்வலத்தில் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒரு பிக்கு இறந்தார். அதன்பின் அரசாங்கத்தின் நடை தளர்ந்தது. 1968இல் மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை வந்தது. எதிர்க்கட்சியும் ஐ.தே.க.வின் சொந்த உறுப்பினர்களும் எதிர்க்க, அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு, திருகோணமலை கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் நிறுத்த, அவர் பதவி விலகினார்.

தீவகம் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். அப்போது ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினர் வி. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் ஆரம்பகாலச் சிந்தனையாளர்களில் ஒருவர், 1963 இடைத்தேர்தலில் நாடாளுமன்றம் போனவர். 1968இல் அரசாங்கம் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. நாம் இன்று பேர்ஸில் வைத்திருக்கும் தேசிய அடையாள அட்டை பிறந்தது அந்தச் சட்டத்தில்தான். கட்சி அரசாங்கத்தின் பக்கம் இருந்தது. நவரத்தினம் எதிர்த்து நின்றார். கட்சி அவரை வெளியேற்றியது.

தீவகத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு இதைப் படிக்கும்போது உடம்பில் ஏதோ செய்யும். வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஒவ்வொரு முறையும் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடப்பார். வீட்டில் அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பதற்கு முன் அட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். அந்த அட்டைக்கான வாக்கெடுப்பில் எங்கள் தொகுதிக்காரர் ஒருவர் தன் கட்சியையே எதிர்த்து நின்றார் என்பது பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

ஆனால் அவரை வீரராக்கிவிட்டுப் போவது சுலபம். கூட்டரசாங்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பவர் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு பங்காளிக்கு ஒவ்வொரு வாக்கெடுப்பும் தனித்தனியாக வருவதில்லை. இந்தச் சட்டமூலத்தை எதிர்த்தால், மாவட்ட சபைச் சட்டமூலம் போய்விடுமோ என்ற பயம் கூடவே வரும். பெரியது கிடைக்கும் என்று சின்னதை விழுங்குவார்கள். கடைசியில் பெரியது வராது. விழுங்கியது மட்டும் வயிற்றில் இருக்கும். 1969இல் தமிழரசுக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. அரசாங்கம் கவிழவில்லை, 1970 மே வரை தன் காலத்தை ஓட்டி முடித்தது. 1965 மார்ச் 24இல் தேவைப்பட்ட பதினான்கு பேர் நான்கு ஆண்டுகளில் தேவையற்றவர்களாகிவிட்டார்கள். விலை பேசக்கூடிய நாள் அந்த ஒரு நாள்தான்.

1970 தேர்தலில் நவரத்தினம் தனித்து நின்றார். ஊர்காவற்றுறை வாக்காளர்கள் தமிழரசுக் கட்சியின் கா.பொ. இரத்தினத்தைத் தெரிவு செய்தார்கள். ஒப்பந்தம் தோற்றதென்று தெரிந்தும் கட்சிக்கே போட்டார்கள். இது என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. அந்தத் தேர்தலில் சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் சேர்ந்த ஐக்கிய முன்னணி 151இல் 116 ஆசனங்களை வென்றது. தமிழர் கை எவருக்கும் தேவைப்படாத நாடாளுமன்றம் அது. 1972 அரசியலமைப்பு அங்கேதான் பிறந்தது.

அடுத்த முறை தீவகம் ஒரு அரசாங்கத்தின் கணக்குக்குள் வந்தது இதைவிட விசித்திரமாக. 1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தல். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் பத்து ஆசனங்கள், ஏறக்குறைய ஆறு இலட்சம் பதிவு பெற்ற வாக்காளர்கள். குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் அங்கே வாக்களிப்பு இல்லை. அரச படைகளின் கையில் இருந்த தீவகத்தில்தான் பெரும்பாலும் வாக்களிப்பு நடந்தது. சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈ.பி.டி.பி. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளுடன் பத்தில் ஒன்பது ஆசனங்களை எடுத்தது. வேறு மாவட்டங்களில் இந்த அளவு வாக்குக்கு ஒரு ஆசனமே கிடைப்பது கஷ்டம்.

அதே நாடாளுமன்றத்தில் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. முஸ்லிம் காங்கிரஸின் ஏழையும் மலையக மக்கள் முன்னணியின் ஒன்றையும் கூட்டினால் சரியாக 113. ஒருவருக்கு வயிற்றுவலி வந்து வராமல் விட்டால் அரசாங்கம் ஆடும். அப்படியிருக்கத் தீவகத்தின் ஒன்பது பேர் எவ்வளவு பெறுமதியானவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து பாதிப்பேருக்கு மேல் இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில், மிஞ்சியிருந்த ஆட்களின் வாக்குக்கு நாட்டு அரசாங்கத்தையே தாங்கிப் பிடிக்கும் எடை வந்தது. சட்டப்படி அதில் பிழையில்லை. அது யாழ்ப்பாண மாவட்டத்தின் விருப்பமா என்று கேட்டால், இல்லை. கூட்டரசாங்கக் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது தலைகளை மட்டுமே எண்ணும்.

2000 ஒக்ரோபரில் பொதுஜன ஐக்கிய முன்னணி 107. ஈ.பி.டி.பி.க்கு நான்கு, அஷ்ரப் தொடங்கிய தேசிய ஐக்கிய முன்னணிக்கு நான்கு. எல்லாம் சேர்த்து 115. வெளியிலிருந்து உதவியவர் இம்முறை உள்ளே வந்தார். டக்ளஸ் தேவானந்தா வடக்கின் புனர்வாழ்வு, புனரமைப்புக்குப் பொறுப்பான அமைச்சரானார். 2001 ஜூனில் ரவூப் ஹக்கீம் பதவி நீக்கப்பட்டு அவர் பக்கத்தவர்கள் எதிரணிக்குப் போக, பெரும்பான்மை போனது. நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, பின்னர் ஜே.வி.பி.யுடன் ஒரு தற்காலிக ஏற்பாடு, ஒக்ரோபரில் கலைப்பு. ஒரு கூட்டின் ஆயுள் எவ்வளவு என்பதை ஒரு சிலரே தீர்மானித்துவிட்டார்கள்.

அதன்பின் 2004, 2005, 2010, 2019 என்று அரசாங்கங்கள் மாற மாற, இடையில் நல்லாட்சிக் காலம் நீங்கலாக, அவர் அமைச்சரவையில் இருந்தார். 2019 முதல் 2024 வரை கடற்றொழில் அமைச்சர். தீவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைச்சு வேறில்லை. அவர் மூலம் வேலை கிடைத்தது, கடன் கிடைத்தது, இறங்குதுறை திருத்தப்பட்டது என்று சொல்கிறவர்கள் எல்லாத் தீவுகளிலும் உண்டு. அதைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் இழுவைப்படகுப் பிரச்சினை அந்த ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நெடுந்தீவுக் கடலில் அப்படியே இருக்கிறது. அது டெல்லியோடும் கொழும்போடும் சேர்ந்து தீர்க்க வேண்டிய விடயம். ஒரு சிறு கட்சி அமைச்சர் தன் அமைச்சுக்குள் செலவு செய்யலாம், அமைச்சரவையின் கொள்கையைத் திருப்ப முடியாது. திருப்ப வேண்டுமென்றால், 'இல்லாவிட்டால் போகிறேன்' என்று சொல்ல வேண்டும். அரசாங்கத்துக்கு 145 பேர் இருக்கும்போது, ஓரிருவரை வைத்திருக்கும் கட்சி அப்படிச் சொன்னால், போய்வாருங்கள் என்பதுதான் பதிலாக இருக்கும்.

மற்ற வழியைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2015இல் எடுத்தது. ஐ.தே.க. தரப்புக்கு 106, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 95, தமிழரசுக் கட்சிக்கு 16. இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்தன. 19ஆவது திருத்தம் அமைச்சர்களை 30 ஆகக் குறைத்திருந்தது. ஆனால் 'தேசிய அரசாங்கம்' என்று பெயர் வைத்தால் நாடாளுமன்றம் அந்த எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதே திருத்தத்தில் ஒரு வாசலும் இருந்தது. பந்தியில் ஆட்கள் கூடக்கூட இலை போடும் ஏற்பாடு. தமிழரசுக் கட்சி அமைச்சு எடுக்கவில்லை. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவராக இருந்துகொண்டே, புதிய அரசியலமைப்பு வரும் என்ற நம்பிக்கையில் அரசாங்கத்தைத் தாங்கினார்.

2018 ஒக்ரோபர் 26இல் மைத்திரிபால சிறிசேன அந்தக் கூட்டை உடைத்து மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். டிசம்பர் 12இல் ரணில் மீதான நம்பிக்கைப் பிரேரணை 117 வாக்குகளால் நிறைவேறியது. அதில் கூட்டமைப்பினர் 14 பேர். அவர்கள் இல்லாவிட்டால் 113 இல்லை. ஜனநாயகத்தைக் காப்பாற்றினார்கள், அது பெரிய காரியம். ஆனால் அந்த நாளிலும் கைக்கு எழுத்தில் எதையும் மக்கள் முன் வைத்து வாங்கவில்லை. அரசியலமைப்பு வரவில்லை.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஜேர்மனியில் கூட்டரசாங்கம்தான் வழமை. அங்கே கட்சிகள் வாரக்கணக்கில் இருந்து பேசி, புத்தகம் போல ஒரு உடன்படிக்கையை எழுதி வெளியிடுகின்றன. 2018இல் சமூக ஜனநாயகக் கட்சி அதைத் தன் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விட்ட பின்னரே அரசாங்கத்தில் சேர்ந்தது. பெல்ஜியத்தில் 2010 – 11இல் பேசிப் பேசி அரசாங்கம் அமைய 541 நாட்கள் ஆயின. எழுதி வைத்தால் உடையாது என்றில்லை. 2024 நவம்பரில் ஜேர்மனியின் மூன்று கட்சிக் கூட்டு உடைந்தது. ஆனால் எந்தப் பக்கத்தில் உடைந்தது என்று எவரும் புரட்டிப் பார்க்கலாம்.

சரி, எங்கள் பிரதேச சபைகளுக்கு வருவோம். 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்கள் எடுத்தது. ஈ.பி.டி.பி.க்கு ஒன்றுமில்லை. கொழும்பில் எங்கள் கை இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. கை தேவைப்படும் ஒரே இடம் உள்ளூராட்சி சபை. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறை 2018இல் வந்த பிறகு, அறுதிப் பெரும்பான்மை கிடைப்பது அரிதாகிவிட்டது. பாதிக்கு மேல் எடுத்த கட்சி தவிசாளரைத் தானே பெயர் குறிக்கலாம். இல்லாவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். வாக்கு பகிரங்கமா இரகசியமா என்பதையும் அங்கேயே தீர்மானிப்பார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு.

2018இல் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஈ.பி.டி.பி. முன்னுக்கு நின்றது. யாழ். மாநகர சபையில் 45இல் 16 எடுத்த தமிழரசுக் கட்சியின் ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவருடைய பாதீடு தோற்றது. ஆரம்ப வருடங்கள் கடந்த பின் பாதீடு இரண்டு தடவை தோற்றால் தலைவர் பதவி விலகியதாகக் கருதப்படும். அந்த மாதக் கடைசியில் நடந்த வாக்கெடுப்பில் மணிவண்ணன் 21, ஆர்னோல்ட் 20. மணிவண்ணனுக்கு வாக்களித்தவர்களில் ஈ.பி.டி.பி.யினரும் இருந்தார்கள். 2025இல் அதே ஈ.பி.டி.பி.யின் ஆதரவோடு தமிழரசுக் கட்சியின் மதிவதனி முதல்வரானார். இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல வரவில்லை. சபைகளுக்கு நிரந்தர எதிரிகள் கட்டுப்படியாகாது.

நயினாதீவு வேலணை பிரதேச சபைக்குள் வருகிறது. அங்கே அதிகாரம் என்பது தெருவிளக்கு, உள்ளூர் வீதி, கிணறு, குப்பை, சந்தை. கடலுக்கு அப்பால் இருக்கும் வட்டாரத்துக்கு எத்தனை விளக்கு, எந்த வீதிக்கு முதலில் கிரவல் என்பதைச் சபையில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும். அப்படியானால் ஆதரவு கொடுக்கும் உறுப்பினர், இன்ன வட்டாரத்துக்கு இன்னது, இந்தத் திகதிக்குள் என்று ஒரு பக்கத் தாளில் எழுதி, முதல் அமர்விலேயே வாசித்துக் கூட்டறிக்கையில் பதியச் செய்வதில் என்ன கஷ்டம்? தலைவர்கள் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கைகுலுக்கிக்கொள்ள, இந்தத் தாள் மட்டும் எழுதப்படுவதில்லை.

வள்ளத்தில் ஏறியபின் இதையெல்லாம் அந்த ஐயாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். பாதீட்டு அமர்வைப் பொதுமக்களும் போய் இருந்து பார்க்கலாம், வருடம் முடிய முன் வரும், யார் எதற்குக் கை உயர்த்துகிறார்கள் என்று அங்கே தெரிந்துவிடும் என்றேன்.

"வேலணைக்கோ? மாரியில கடல் விட்டால் வாறன் பிள்ளை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பொறுத்து, "உந்த நவரத்தினத்தார் அட்டையை எதிர்த்தவர் எண்டது உண்மையோ?" என்று கேட்டு, சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார்.